முயல்காது மடிக்கணினிக்குள் எத்தனை மொழி

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். 433 மெகாஹெர்ட்ஸ் ஏஎம்டி ஜியோட் செயலி, 256 மெகாபைட் நினைவகம், ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாக 1 கிகாபைட் ஃப்ளாஷ். ‘குழந்தைக்கு ஒரு மடிக்கணினி’ இயக்கத்தின் எக்ஸ்ஓ-1 அவ்வளவுதான். நிக்கோலஸ் நெக்ரோபான்டே 2005 ஜனவரியில் டாவோஸில் அறிவித்தபோது அதன் பெயரே ‘நூறு டாலர் மடிக்கணினி’. தைவான் நிறுவனமான குவாண்டா 2007 நவம்பரில் பெருமளவில் தயாரிக்கத் தொடங்கியபோது விலை 188 டாலர் ஆகியிருந்தது. பச்சையும் வெள்ளையுமான பெட்டி; இரண்டு பக்கமும் முயல்காது மாதிரி நிமிர்த்திவைக்கும் வைஃபை ஆண்டெனா. அமெரிக்காவில் 399 டாலர் கொடுத்தால் உங்களுக்கு ஒன்று, ஏழை நாட்டுக் குழந்தை ஒன்றுக்கு இன்னொன்று என்று விற்றார்கள். அப்படி வாங்கி, பிறகு அலுத்துப்போன நண்பர் ஒருவரிடமிருந்து என் மேஜைக்கு வந்து சேர்ந்தது ஒன்று.

பெட்டியைப் பற்றி உலகம் வேண்டிய அளவு எழுதிவிட்டது. உச்சிவெயிலிலும் படிக்க முடிகிற மேரி லூ ஜெப்ஸனின் திரையைப் பற்றி எழுதினார்கள். 2005 நவம்பரில் டூனிஸ் மாநாட்டில் மாதிரிக் கணினியைக் காட்டியபோது கோஃபி அன்னான் கையோடு கழன்று வந்த சுழல்பிடியைப் பற்றி இன்னும் அதிகமாக எழுதினார்கள். நான் நிரல் எழுதிப் பிழைப்பவன். எனக்கு அந்தப் பெட்டியில் அக்கறை வேறு. இத்தனை சின்ன நினைவகத்துக்குள் எந்தெந்தக் கணினி மொழிகளை வைத்தார்கள், ஏன், யார் முடிவுசெய்தார்கள் என்பதுதான். குழந்தைக்கு எந்த மொழி நல்லது என்ற கேள்வியைத்தான் மேடையில் பேசினார்கள். குழந்தைக்காக எழுதப்போகிற பெரியவர்களுக்கு எந்த மொழி வசதி என்ற கேள்வியைத்தான் உள்ளே தீர்த்தார்கள் என்பது என் எண்ணம்.

குழந்தைக்கு எந்த மொழி என்ற சண்டை புதியதும் இல்லை. 1967இல் பாஸ்டன் பக்கத்தில் போல்ட் பெரனெக் அண்டு நியூமன் என்ற ஆய்வு நிறுவனத்தில் வாலி ஃபுயர்ஸைக், சீமர் பேப்பர்ட், சிந்தியா சாலமன் முதலானோர் லோகோவை உருவாக்கினார்கள். லோகோ என்றதும் ஆமைதான் நினைவுக்கு வரும். முதல் லோகோவில் ஆமையே இல்லை. தந்தி இயந்திரம் போன்ற டெலிடைப்பில் பிள்ளைகள் சொற்களையும் வாக்கியங்களையும் கலைத்துப்போட்டு விளையாடினார்கள். ஆமை சில ஆண்டு கழித்து, தரையில் ஊர்கிற இயந்திரமாக எம்ஐடியில் வந்தது. பிறகுதான் திரைக்கு ஏறியது. பேப்பர்ட், பியாஜேயோடு ஜெனீவாவில் வேலை பார்த்தவர். குழந்தை கணினியிடம் கற்பதைவிட கணினிக்குக் கற்றுக்கொடுக்கட்டும் என்பது அவர் கட்சி. அமெரிக்காவின் அதே வடகிழக்கில் டார்ட்மத் கல்லூரியில் 1964இலேயே கெமனியும் கர்ட்ஸும் பேசிக்கைக் கொண்டுவந்திருந்தார்கள். அவர்களுக்குக் குழந்தை உளவியல் எதுவும் கிடையாது. கணக்குப் பாடம் எடுக்காத மாணவனும் கணினியைத் தொட வேண்டும், அவ்வளவே.

மூன்றாவது கட்சி கலிஃபோர்னியாவில். ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் ஆலன் கே 1972இல் ‘டைனாபுக்’ என்ற கையடக்கக் கணினியைக் காகிதத்தில் வரைந்தார். எல்லா வயதுக் குழந்தைகளுக்குமான கணினி என்று அதற்கு விளக்கம். செய்யும் தொழில்நுட்பம் அப்போது இல்லை; ஆகவே அதில் ஓட வேண்டிய மொழியை முதலில் செய்தார்கள். ஸ்மால்டாக் அப்படிப் பிறந்தது. ஆடெல் கோல்ட்பெர்க் அதைப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துப் பார்த்தார்.

எங்கள் தலைமுறைக்கு வந்து சேர்ந்தது பேசிக் கட்சி. பிபிசி தன் தொலைக்காட்சிப் பாடத்துக்காகக் கேட்டுச் செய்வித்த பிபிசி மைக்ரோ 1981 டிசம்பரில் பிரிட்டனில் வந்தது. ஏகார்ன் நிறுவனத்தில் சோஃபி வில்சன் அதற்கான பேசிக்கை எழுதினார். பிபிசியின் நிபந்தனைகளால் அது மற்ற பேசிக்குகளைவிட ஒழுங்காக அமைந்தது. 1984-85இல் இந்திய அரசு ‘கிளாஸ்’ என்ற திட்டத்தில் ஏறத்தாழ 250 பள்ளிகளுக்கு அந்த மைக்ரோக்களைக் கொடுத்தது. சுவிட்சைப் போட்டால் கருப்புத் திரையில் ‘பேசிக்’ என்று ஒரு வார்த்தை, அதன் கீழே ஒரு சின்னக் குறி. படம் கிடையாது, பட்டியல் கிடையாது. நீங்கள் எதையாவது தட்டித்தான் ஆக வேண்டும். மொழி ரோம் சில்லுக்குள்ளேயே இருந்ததால் மொழியும் இயந்திரமும் வேறுவேறு என்றே யாருக்கும் தோன்றவில்லை. பேசிக்கைக் கெட்ட பழக்கம் என்று பின்னாளில் திட்டியவர்கள் பலர். ஆனால் சுவிட்சுக்கும் முதல் நிரலுக்கும் நடுவே அது எந்தச் சுவரும் எழுப்பவில்லை.

எக்ஸ்ஓவுக்குத் திரும்புகிறேன். 2006இல் லினக்ஸ் நிறுவனமான ரெட் ஹாட்டின் ஒரு சிறு குழுவும், எம்ஐடி மீடியா ஆய்வகத்திலிருந்து வந்த வால்டர் பெண்டரும் சேர்ந்து ‘சுகர்’ என்ற இடைமுகத்தைக் கட்டத் தொடங்கினார்கள். கோப்பு, கோப்புறை, சாளரம் எதுவும் வெளியே தெரியாத புது ஏற்பாடு. அதை எழுதத் தேர்ந்தெடுத்த மொழி பைத்தான். 1989 கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஆம்ஸ்டர்டாமில் கைடோ வான் ராஸம் தொடங்கிய மொழி. நிரலர் அல்லாதவர்களுக்குக் கற்றுக்கொடுக்கவென்று அவருடைய ஆய்வு நிலையம் செய்திருந்த ஏபிசி என்ற மொழியில் அவர் முன்பு வேலை பார்த்திருந்தார். அதன் ஜாடை பைத்தானில் இன்றும் தெரியும். 1999இல், எல்லோருக்கும் நிரலாக்கம் கற்பிப்போம் என்று அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆய்வு அமைப்பிடம் நிதி கேட்டு எழுதியவரும் அவரே. ஆகவே வம்சம் நல்லதுதான்.

வம்சம் பார்த்து எடுத்த முடிவாக எனக்குத் தோன்றவில்லை. ரெட் ஹாட்டின் நிறுவும் கருவியான அனகோண்டா, மென்பொருள் தொகுப்புகளைக் கொண்டுவரும் யம் எல்லாம் ஏற்கெனவே பைத்தானில் இருந்தன. அந்தக் குழுவுக்குக் கைவந்த மொழி அது. உலகம் முழுக்க இருக்கிற தன்னார்வலர்கள் சம்பளம் இல்லாமல் எழுத வர வேண்டும். அவர்களிலும் பைத்தான் தெரிந்தவர்கள் நிறைய. திறந்தமூலம் என்ற நிபந்தனையே மற்றப் பலவற்றை வெளியே தள்ளியது. ஆப்பிளின் இயங்குதளத்தை ஸ்டீவ் ஜாப்ஸ் இலவசமாகத் தர முன்வந்தார், பிரித்துப் பார்க்க முடியாதது வேண்டாம் என்று மறுத்துவிட்டார்கள் என அப்போதே செய்தி வந்தது. ஜாவாவை சன் நிறுவனம் திறந்துவிடத் தொடங்கியதே 2006 நவம்பரில்தான். ஃப்ளாஷ் என்ற அசைபட மென்பொருள் அடோபியின் பூட்டுக்குள் இருந்தது.

இன்னொரு காரணம் இடம். சி மொழியில் எழுதினால் குழந்தைக்கு ஓடுகிற நிரல் ஒன்று, அதன் மூலம் ஒன்று, மாற்றினால் திரும்ப மொழிமாற்ற ஒரு கம்பைலர், அதற்கான தலைப்புக் கோப்புகள் என்று எல்லாம் வேண்டும். 1 கிகாபைட்டில் இயங்குதளமும் பாடங்களும் குழந்தையின் படங்களும் பாட்டும் போக அதற்கு எங்கே இடம்? பைத்தானில் மூலக்கோப்பேதான் நிரல். திறந்து, திருத்தி, மறுபடி ஓட்டலாம்.

அந்த எண்ணத்தை விசைப்பலகையிலேயே அச்சடித்தார்கள். தூசியும் தண்ணீரும் போகாத பச்சை ரப்பர் விசைப்பலகை அது. அதன் இடைவெளிப் பட்டையில் ஒரு பல்சக்கரம் வரைந்திருக்கும். எஃப்என் விசையோடு சேர்த்து அதை அழுத்தினால் நீங்கள் இருக்கிற செயலியின் மூலநிரல் கண்முன் விரிய வேண்டும். வேறு எந்தக் கணினியிலும் இப்படி ஒரு விசையை நான் பார்த்ததில்லை. ஆனால் முதல் வெளியீடுகளில் எல்லாச் செயலியிலும் அது வேலைசெய்யவில்லை. சுகரின் 2009 வெளியீடு வந்த பிறகுதான் பரவலாக உயிர் வந்தது. வந்த பிறகும் என்ன தெரியும்? ஜிடிகே என்ற சாளரக் கருவிப்பெட்டியைப் பிடித்து இழுக்கிற, வகுப்பு மேல் வகுப்பாகப் பரம்பரை ஏறுகிற நூற்றுக்கணக்கான வரிகள். தொழில்முறை நிரலரே ஒரு காப்பி குடித்துவிட்டு உட்கார வேண்டிய நிரல். எட்டு வயதுப் பிள்ளை அதைப் பார்த்து எதை மாற்றும்? இந்த இடைவெளிக்காகத்தான் ‘பிப்பி’ என்று ஒரு செயலி வைத்தார்கள். இடப்பக்கம் சின்னச் சின்ன பைத்தான் எடுத்துக்காட்டுகள், வலப்பக்கம் நிரல், கீழே விடை. நல்ல செயலி. அதில் எழுதியதற்கும் சுகரின் உடலில் இருக்கிற பைத்தானுக்கும் நடுவே படிக்கட்டு கட்டத்தான் யாருக்கும் நேரம் கிடைக்கவில்லை.

பைத்தானுக்குக் கொடுத்த விலையும் சிறிதில்லை. ஒவ்வொரு செயலியும் தனக்கென்று ஒரு பைத்தான் இயந்திரத்தை நினைவகத்தில் ஏற்றிக்கொண்டது. செயலியின் சின்னத்தை அழுத்தினால் அது திரை நடுவே வந்து, வெளிறி, நிறமேறி, மறுபடி வெளிறித் துடித்துக்கொண்டே இருக்கும். பத்து விநாடி தாண்டியும் திறக்காது. உலாவியும் எழுதும் செயலியும் திறந்திருக்கும்போது மூன்றாவதைத் திறந்தால் 256 மெகாபைட் நிரம்பிவிடும். டிஸ்க்கில் தற்காலிகமாகத் தள்ளிவைக்க வழியில்லாததால், லினக்ஸின் கருவகம் ஏதாவது ஒரு செயலியைப் பலிகொடுக்கும். எழுதிக்கொண்டிருந்த கட்டுரை கண்ணெதிரே காணாமல் போனால் ஒரு மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு எப்படி இருக்கும்? ஒரு பைத்தானை முன்கூட்டியே ஏற்றிவைத்து, அதிலிருந்து கிளை பிரித்து நினைவகத்தைப் பங்கிடலாம் என்றெல்லாம் முயன்றார்கள். மென்பொருள் மெதுவாகத்தான் தேறியது. பெட்டிகள் அதற்குள் கிராமங்களுக்குப் போய்விட்டன.

ஆலன் கேயின் கட்சிக்கும் உள்ளே இடம் கிடைத்தது. ஸ்மால்டாக்கின் வழியில் 1996இல் ஆப்பிளில் பிறந்த ஸ்குவீக், அதன் மேல் கட்டிய ஈடாய்ஸ். குழந்தை முதலில் ஒரு காரை வரையும். அந்தப் படத்திலிருந்தே ‘முன்னே போ 5’, ‘திரும்பு 5’ என்ற ஓடுகளை இழுத்து வெளியே வைக்கும். கார் வட்டமடிக்கும். பிறகு தனியாக ஒரு ஸ்டீயரிங் சக்கரத்தை வரைந்து, அந்தச் சக்கரத்தின் கோணத்தைக் காரின் ‘திரும்பு’ ஓட்டில் 5 இருந்த இடத்தில் போட வேண்டும். இப்போது சக்கரத்தைத் திருப்பினால் கார் திரும்புகிறது. மாறி என்றால் என்ன என்பதை எனக்கு யாரும் இப்படிச் சொல்லித்தரவில்லை. ஓடுகளின் மேல் உள்ள சொற்களை ஸ்பானிஷிலோ நேபாளியிலோ மாற்றிக்கொள்ளலாம் என்பது கூடுதல் லாபம். பைத்தானின் ஆங்கிலச் சொற்களை அப்படி மாற்ற முடியாது.

ஈடாய்ஸை லினக்ஸ்காரர்கள் லேசில் ஏற்கவில்லை என்பதுதான் வேடிக்கை. ஸ்மால்டாக்கில் உரைக்கோப்பாக மூலநிரல் என்று தனியே கிடையாது. பல ஆண்டுகளாக ஓடிக்கொண்டே வளர்ந்த நினைவகத்தை அப்படியே படிமமாகச் சேமித்து வைப்பார்கள். அதற்குள் நுழைந்தால் எல்லாமே திறந்து கிடக்கும். வெளியிலிருந்து பார்த்தால் ஒற்றைக் கோப்பு. பூஜ்யத்திலிருந்து கட்டிக் காட்டு, அப்போதுதான் நம்புவோம் என்று 2008இல் டெபியன் என்ற லினக்ஸ் தொகுப்பைப் பராமரிப்பவர்கள் நின்றார்கள். உரிமப் பிரச்சினை வேறு. ஆப்பிள் தன் பங்கை 2006இல் அப்பாச்சி உரிமத்துக்கு மாற்றித்தந்தது. மிச்சத்துக்கு, பல ஆண்டுகளில் பங்களித்த நூற்றுக்கணக்கானோரைத் தேடிப்பிடித்து ஆலன் கேயின் வியூபாயின்ட்ஸ் ஆய்வு நிறுவனம் கையெழுத்து வாங்கியது. பல்சக்கர விசையின் உண்மையான பொருளுக்கு மிக அருகில் வந்த மொழி அதுதான் என்பேன். அதற்குத்தான் திறந்தமூலச் சான்றிதழ் கிடைக்கத் தாமதமானது.

பேப்பர்ட் இதிலெல்லாம் குரல் கொடுத்திருக்க வேண்டியவர். நெக்ரோபான்டேயும் அவரும் 1982இலேயே செனகலின் டாக்கர் பள்ளிகளுக்கு ஆப்பிள் கணினிகளோடும் லோகோவோடும் போனவர்கள். ஆனால் 2006 டிசம்பரில் ஹனோயில் பேப்பர்ட் சாலையைக் கடக்கும்போது மோட்டார் சைக்கிள் மோதித் தலையில் பலத்த அடிபட்டது. அதற்குப் பிறகு 2016இல் இறக்கும்வரை பழைய வேகத்தில் அவரால் வேலைசெய்ய முடியவில்லை. மென்பொருள் உருப்பெற்ற மாதங்களில், குழந்தையின் மொழியைப் பற்றி நாற்பது ஆண்டு யோசித்தவர் அறையில் இல்லை. அவருடைய ஆமை மட்டும் ‘டர்ட்டில் ஆர்ட்’ என்ற பெயரில் வந்து சேர்ந்தது. பிரையன் சில்வர்மன் தொடங்கிய அந்தச் செயலியை பெண்டர் எடுத்து விடாமல் வளர்த்தார். கட்டைகளைக் கோத்தால் ஆமை கோடு போடும். கட்டைகளை லோகோ நிரலாக எழுதி வெளியே எடுக்கலாம்; பைத்தான் துணுக்கு ஒன்றையே ஒரு கட்டையாகச் செருகலாம். நான் மேலே கேட்ட படிக்கட்டை உண்மையில் கட்டிப் பார்த்தவர் அவர் ஒருவர்தான்.

எல்லாவற்றுக்கும் அடியில் யாரும் விளம்பரம் செய்யாத ஒரு மொழி இருந்தது. கணினி விழித்தெழும் முதல் சில விநாடிகளைப் பார்த்துக்கொள்ளும் ‘ஓப்பன் ஃபர்ம்வேர்’ ஃபோர்த் மொழியில் ஆனது. சன் நிறுவனத்தின் கணினிகளுக்காக மிட்ச் பிராட்லி செய்தது. எக்ஸ்ஓவுக்கும் அவரே கொண்டுவந்தார். துவங்கும்போது எஸ்கேப்பைத் தட்டினால் ‘ஓகே’ என்று திரை கேட்கும். அங்கே 3 4 + . என்று அடித்து என்டர் போட்டால் 7 என்று உடனே பதில். முதலில் எண்கள், பிறகு வேலை, கடைசியில் புள்ளி வைத்தால் விடை. பெயர்ச்சொற்களை வரிசையாகச் சொல்லி வினையைக் கடைசியில் வைக்கிற நமக்கு உறுத்தாத வரிசை. மூன்று வரியில் திரைக்கு நிறமடிக்கலாம். துடிக்கும் சின்னம் இல்லை, பத்து விநாடி இல்லை. பிபிசி மைக்ரோவின் அந்தப் பழைய கறுப்புத் திரை இங்கேதான் ஒளிந்திருந்தது. பிராட்லி ஃபோர்த் பாடங்கள்கூட எழுதிவைத்தார். ஆனால் கதவு பூட்டியிருந்தது. திருடர்களுக்கு எதிராக ஃபர்ம்வேருக்குப் பூட்டுப் போட்டிருந்ததால், ‘டெவலப்பர் சாவி’க்கு இணையத்தில் விண்ணப்பித்து, ஒரு நாள் காத்திருந்து, வாங்கிப் போட்டால்தான் ‘ஓகே’ வரும். இணையமே எட்டாத ஆண்டீஸ் மலைக் கிராமத்துப் பிள்ளை எங்கே விண்ணப்பிக்கும்?

களத்தில் நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 2008இல் எக்ஸ்ஓவில் விண்டோஸ் எக்ஸ்பி ஓட மைக்ரோசாஃப்டோடு ஒப்பந்தம் ஆனது. பெண்டர் விலகி சுகர் லேப்ஸைத் தொடங்கினார். பெரு 8 லட்சத்துக்கும் மேல் வாங்கியது. அங்கே 319 பள்ளிகளை வைத்து இன்டர்-அமெரிக்கன் மேம்பாட்டு வங்கி 2012இல் வெளியிட்ட ஆய்வில் கணக்கிலும் மொழியிலும் மதிப்பெண் ஏறியதற்குச் சான்று இல்லை. எழுதுவது, விளையாட்டு, பாட்டு இவற்றுக்கு முன்னால் நிரலாக்கம் மிகச் சின்னப் பங்குதான். பராகுவேயில் களப்பணி செய்த மார்கன் ஏம்ஸ் 2019இல் எழுதிய நூலிலும் பாட்டும் படமும்தான் முன்னுக்கு நிற்கின்றன. அதில் குழந்தைகளைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. வீட்டில் முதன்முதலாக ஒரு திரை வந்தால் நானும் பாட்டுத்தான் கேட்டிருப்பேன்.

உருகுவே வேறு மாதிரி. 2007 மே மாதம் வில்யா கார்டால் என்ற சிற்றூரில் தொடங்கிய ‘பிளான் சேபால்’, 2009 அக்டோபருக்குள் அரசு ஆரம்பப் பள்ளிகளின் எல்லாப் பிள்ளைகளுக்கும் மடிக்கணினி கொடுத்து முடித்தது, 3.5 லட்சத்துக்கும் மேல். சின்ன நாடு, ஊரூருக்கு இணையம், உடைந்தால் சரிசெய்ய ஆள், கூடவே சேபால்ஜாம் என்ற தன்னார்வலர் கூட்டம். அவர்கள் பைத்தானில் எழுதிய ‘கொனோஸ்கோ உருகுவாய்’ என்ற வரைபட விளையாட்டை அண்டை நாட்டுக்காரர்கள் எடுத்துத் தங்கள் ஊர்ப்பெயர்களைப் போட்டுக்கொண்டார்கள். பல்கலைக்கழகப் பொறியியல் பிரிவு செய்த ‘புடியா’ என்ற சக்கர ரோபோவைப் பிள்ளைகள் டர்ட்டில் ஆர்ட் கட்டைகளாலேயே ஓட்டினார்கள். பேப்பர்டின் ஆமை மறுபடி தரைக்கு இறங்கியது. பைத்தான் அங்கே பலித்ததற்கு பைத்தான் தெரிந்த பெரியவர்கள் பள்ளிக்கு எட்டும் தூரத்தில் இருந்ததே காரணம். காத்மாண்டுவில் நிலைமை வேறு. நேபாளத்து அமைப்பான ஓஎல்இ நேபாளுக்கு வலைப்பக்கம் செய்பவர்கள் கிடைத்த அளவுக்கு பைத்தான் நிரலர்கள் கிடைக்கவில்லை. பாடங்களை எழுத அவர்கள் ஜாவாஸ்கிரிப்டில் ‘கர்மா’ என்றொரு நிரலகத்தை 2009இல் தொடங்கினார்கள். கிழக்கே ஒரு முடிவு, மேற்கே ஒரு முடிவு. இரண்டு இடத்திலும் முடிவுசெய்தது அந்த ஊரில் கிடைத்த ஆட்கள்.

2012இல் வந்த ராஸ்பெரி பை என்ற குட்டிக் கணினி தன் பெயரின் பின்பாதியையே பைத்தானிடமிருந்து எடுத்துக்கொண்டது. அதில் கூடவே வந்த ஸ்கிராட்ச் என்ற குழந்தைகளுக்கான மொழி அப்போது ஸ்குவீக்கின் மேல் ஓடியது. தமிழ்நாட்டில் 2011இலிருந்து மேல்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு எல்காட் வழியாக விலையில்லா மடிக்கணினி போனது. 2019இல் மாறிய பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் புத்தகத்தில் பைத்தான் வந்தது. முதலில் பெட்டி, எட்டு ஆண்டு கழித்து மொழி. சுகரும் இன்னும் உயிரோடு இருக்கிறது. 2020 ஜனவரி 1 முதல் பைத்தான் 2 கைவிடப்பட்டதால் அதன் ஒவ்வொரு செயலியையும் பைத்தான் 3க்கு மாற்ற வேண்டியிருந்தது. அந்த வேலையில் பெரும்பகுதியைத் தூக்கியவர்களில் கோடை விடுமுறையில் கூகுள் உதவித்தொகையோடு வந்த இந்தியக் கல்லூரி மாணவர்கள் பலர். பல்சக்கர விசைக்குப் பின்னால் இருந்த நிரலை ஒருவழியாக முழுக்கப் படித்துத் திருத்தியவர்கள் அவர்கள். எக்ஸ்ஓவைப் பள்ளியில் பார்த்தவர்கள் அவர்களில் யாரும் இருக்க வாய்ப்பு குறைவு. இந்திய மனிதவள அமைச்சகம் 2006இலேயே அந்தப் பெட்டி வேண்டாம் என்று சொல்லிவிட்டதே.